நாலாம் நம்பர் பெட்டியின் கோள்சொல்லி

பிப்ரவரி 9

அக்கா,

உறைமேல் முகவரியை அவரை எழுதச் சொன்னேன். என் கையெழுத்தென்றால் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாய். பிரித்துவிட்டாய் அல்லவா, இனி படித்தும்விடு.

போனில் கூப்பிட்டிருக்கலாம். நீ எடுத்தாலும் அழுவேன், எடுக்காவிட்டாலும் அழுவேன். தாள் என்றால் உனக்குத் தெரியாது. தவிர, குட்டி தூங்கும்போது மட்டும்தான் எனக்குக் கை ஓய்கிறது. அப்போது வாயைத் திறக்க முடியாது.

குட்டிக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. பெண் என்று அம்மா சொல்லியிருப்பாள். காது இரண்டும் அச்சாக உன்னுடையவை, வெளியே தள்ளிக்கொண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் இருக்கும் கோபம் நினைவுக்கு வருகிறது. அது இருக்கட்டும், இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

எனக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். அரங்கத்துக்காக நாம் செய்த எட்டில் எதுவானாலும் சரி.

குட்டியின் அறையில் ஏதோ இருக்கிறது. பகலில் சில வேளைகளில் யாரோ என் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம். குட்டி தூக்கத்திலேயே காலை விறைத்துக்கொண்டு விழித்து மூச்சு முட்ட அழுகிறாள். பத்து நிமிடம், அரை மணி, பிறகு எல்லாம் அடங்கிவிடும். அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்றார்.

"கேக்காதுங்க. இது காதுல கேக்கிற சத்தம் இல்ல."

"கேக்காததுக்கு எதுக்கு சத்தம்னு பேரு?"

அவர் கெட்டவரில்லை. பயந்துபோயிருக்கிறார். நான் சரியாகத் தூங்கி மாதக்கணக்காகிறது. மருத்துவரிடம் போனோம். அவர் குட்டியை இரண்டு நிமிடம் பார்த்தார், என்னை இருபது நிமிடம் பார்த்தார். இப்போது வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்: மார்ச் பத்தாம் தேதி மாமியார் வந்து குட்டியை ஒரு மாதம் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார், நான் இங்கே மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கித் தெளிய வேண்டும். ஐந்து மாதக் குழந்தை, அக்கா. பால் குடிக்கிற குழந்தை.

என் போன் இருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே செவிடு. ஆனால் நம் பெட்டி செவிடில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டால் காற்று கோனைத் தள்ளும், கோன் அசைந்தால் கோள்சொல்லி சொல்லிவிடும். அவரிடம் அதை இப்படி விளக்கினேன்: ஸ்பீக்கரின் முன்னால் இருக்கிற கூம்புதான் கோன், ஒரு பெரிய கம்பிச்சுருள், அதாவது காயில், அதை அசைக்கும், அதற்கடியில் மெல்லிசாக இன்னொரு காயில் சுற்றியிருப்போம், அது ஒரு வேலையும் செய்யாது, கோன் உண்மையில் எவ்வளவு அசைந்தது என்று ஆம்பிடம் போட்டுக்கொடுப்பது மட்டும்தான் அதன் பிழைப்பு, ஆம்ப் உடனே கூடக்குறையத் திருத்திக்கொள்ளும், அதுதான் சர்வோ. "வீட்ல எல்லாருக்கும் அப்படி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

அலையைக் கோடாகக் காட்டுகிற என் சின்ன ஸ்கோப் என்னிடம் இருக்கிறது. பெட்டிதான் இல்லை. அனுப்புவாயா?

தங்கை


பிப்ரவரி 14

முள்ளு,

யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துப் பிரித்தேன். ஆளை ஏமாற்றத் தேறிவிட்டாய்.

பட்டறை நடக்கிறது. இப்போது சர்வோ கிடையாது. சாதாரணப் பெட்டி, சாதாரண ஆம்ப். தரை அதிர்ந்தால் போதும் என்கிறவர்கள்தான் வாங்குகிறார்கள். கோன் சொன்னபடி கேட்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அரங்கக்காரர் புகைந்தது போக மற்ற ஏழு பெட்டிகளையும் திருப்பி அனுப்பிவிட்டார். அடுக்கிவைத்து மேலே பெயிண்ட் டப்பாக்களை வைத்திருக்கிறேன்.

நீ சொல்வதை நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. அளக்காததை நம்பக்கூடாது என்று என்னிடம் சண்டை போட்டவளே நீதான். முதலில் ஃபிரிட்ஜை நிறுத்திப் பார். துணி துவைக்கிற மெஷினைப் பார். பிறகு ஜன்னலைத் திறந்தும் மூடியும் பார். குட்டி விழிக்கிற நேரத்தையும் நடுக்கம் வருகிற நேரத்தையும் தனித்தனித் தாளில் எழுது. ஒரே தாளில் எழுதினால் மனசு இரண்டையும் சேர்த்துவைத்துவிடும்.

நல்ல பெட்டி எதையும் தர மனசில்லை. நாலாம் நம்பர் சும்மா கிடக்கிறது. பெரிய காயில் அறுந்துவிட்டது, ஆனால் கோன் உரசாமல் அசைகிறது, கோள்சொல்லியும் உயிரோடு இருக்கிறது. உன் காரியத்துக்கு அது போதும். லாரியில் ஏற்றிவிட்டேன். கம்பியைப் பின்பலகையைத் திறந்துதான் எடுக்கவேண்டும். எட்டு திருகாணி. நீளமான திருப்புளி இல்லையென்றால் வாங்கிக்கொள்.

திருப்பி அனுப்ப வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

பெட்டி வந்தது. இரண்டு பேர் மாடிப்படியில் தூக்கி வந்து, "உள்ள என்னம்மா, பீரோவா?" என்றார்கள். ஸ்பீக்கர் என்றேன். இந்த வீட்டுக்கு இவ்வளவு பெரிசா என்று ஒருவர் என்னையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஸ்பாஞ்ச் விரிப்பைச் சுற்றி அனுப்பியிருக்கிறாய். பட்டறையில் நான் கால் நீட்டிப் படுக்கிற விரிப்பு அது. மடிப்புக்குள் ஒரு தகர டப்பா, அதற்குள் மில்லிவோல்ட்டைப் பெரிசாக்கும் குட்டி ஆம்ப், புதுப் பேட்டரியோடு. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ அப்படித்தான்.

ஃபிரிட்ஜ் இல்லை, மெஷின் இல்லை. நான்கு நாள் பெட்டியைத் தொட்டிலுக்கு எதிரே வைத்து, நீ சொன்னபடி இரண்டு தாளில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு ஸ்கோப்பில் தட்டையாகக் கிடந்த கோடு எழுந்து நின்றது. பதினாலு ஹெர்ட்ஸ். மழமழவென்று, அளவெடுத்துத் தைத்த மாதிரி. அவரைக் கூப்பிட்டேன். கோனுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய், தொடாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை யார் ஆட்டுறா?" என்றார்.

"காத்து."

போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இரவு இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது முறை விழித்திருக்கிறாள். ஆறு முறை நடுக்கம் இருந்தது. மூன்று முறை இல்லை. அந்த மூன்றை அழித்துவிட்டு அவரிடம் காட்டலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அழிக்கவில்லை. ஆனால் அந்த மூன்றை எனக்குப் பிடிக்கவில்லை.

இனி இன்னொன்று. எழுதாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பின்பலகையைத் திறந்தேன். உள்ளே என் டேப் ஒட்டியிருக்கிறது: "சரி – முள்ளு", ஜூலை பதினாறு. ஒவ்வொரு பெட்டிக்கும் நாம் செய்கிற அதே சோதனை. முன்னால் நீ உள்ளங்கையால் கோனை உள்ளே அமுக்குவாய், பின்னால் நான் மீட்டரைப் பார்ப்பேன். முள் இடது பக்கம் போனால் சரி. ஒருத்தியே இரண்டு பக்கமும் இருக்க முடியாத அளவுக்குப் பெரிய பெட்டி. அந்த வேலையில்தானே எனக்கு முள்ளு என்று பெயரே வைத்தாய்.

இன்றைக்கு அவரை முன்னால் நிறுத்தி அமுக்கச் சொன்னேன். முள் வலது பக்கம் போனது. மூன்று முறை அமுக்கினார், மூன்று முறையும் வலது.

எட்டுப் பெட்டிக்கும் நான் வைத்தது கறுப்புப் பிளக். இதில் இருப்பது வெள்ளை. சால்டரிங்கும் என்னுடையது இல்லை. எனக்கு ஈயம் ஒட்டிக்கொண்டு நிற்கும், இது குண்டு குண்டாக உருண்டு நிற்கிறது. உலகத்தில் இப்படி ஈயம் வைக்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

கோள்சொல்லியின் கம்பி மாறியிருந்தால் அது தலைகீழாகச் சொல்லும். கோன் முன்னால் போனால் பின்னால் போகிறது என்று சொல்லும். ஆம்ப் அதை நம்பி இன்னும் முன்னால் தள்ளும். இரண்டே நொடி. அப்படித்தான் அரங்கத்தில் புகை வந்தது. இருபது பேர் முன்னால் நீ என் வயிற்றைக் காட்டி, "வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு இவளுக்கு வேலைல புத்தி எங்க இருக்கும்" என்றாய். ஏழு மாதமாக நான் அதை நம்பிக்கொண்டிருக்கிறேன். பால் புட்டியைச் சரியாகக் கழுவினேனா, அடுப்பை அணைத்தேனா என்று நாலு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறேன். நான் கம்பியை மாற்றிக் கொடுத்தவள்தானே.

வெள்ளைப் பிளக்கை யார் வைத்தது?

தங்கை


பிப்ரவரி 25

முள்ளு,

பதினாலு ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு எண்ணூற்று நாற்பது சுற்று. அது விசிறி வேகம். பெரிய விசிறி, ஏதோ ஓர் இறக்கையில் எடை கூடியோ குறைந்தோ இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்தும் தளம் கீழே இருந்தால் அங்கே புகை இழுக்கிற விசிறி இருக்கும். வண்டிகள் நிறைய வந்தால் தானாக ஓடும். அதனால்தான் உனக்கு நேரம் ஒழுங்காக இல்லை. அதன் குழாய் குட்டி அறைச் சுவரை ஒட்டி மேலே போகிறதா பார்.

உன் வீட்டுக்காரர் கோட்டைப் பார்த்தது போதாது. கோடு எதனாலும் வரலாம். அவரைக் கீழே அனுப்பு, மேற்பார்வையாளரிடம் சொல்லி விசிறியை நிறுத்தச் சொல். எப்போது நிறுத்துகிறார் என்று உனக்குத் தெரியக்கூடாது. நீ மேலே ஸ்கோப்பைப் பார்த்து நேரத்தை எழுது, அவர் கீழே எழுதட்டும். மூன்று தடவை.

மூன்றை அழிக்காதது நல்லது. அழித்திருந்தால் ஆறையும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

பிளக் விஷயம் பிறகு எழுதுகிறேன். இங்கே வேலை நெருக்கடி.

அக்கா


மார்ச் 1

அக்கா,

நீ சொன்னது சரி. குழாய் தொட்டிலுக்குப் பின்சுவரிலேயே போகிறது. மேற்பார்வையாளர், "இந்த விசிறி சத்தமே போடாதும்மா, புதுசு" என்று இரண்டு நாள் சாதித்தார். கடைசியில் என் வீட்டுக்காரர் போய் ஏதோ சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

நான் மேலே உட்கார்ந்தேன். கோடு ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று சரிந்து தட்டையானது. நாலு ஏழு என்று எழுதினேன். மறுபடி எழுந்தது. நாலு பதினொன்று. இப்படி மூன்று தடவை. அவர் மாடியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே தன் தாளை என் தாள் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிடம் கூட வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு நேரமாக விரல் வைத்து மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நான் உன்ன நம்பிருக்கணும்" என்றார்.

"இப்ப நம்புங்க. அந்த மூணையும் சேர்த்து நம்புங்க" என்றேன்.

அந்த மூன்றைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். நடுக்கம் இல்லாத அந்த மூன்று முறையும் அவள் விழிக்குமுன் நான்தான் விழித்திருக்கிறேன். மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் விரல்தான் எழுப்பியிருக்கிறது. இதைச் சொன்னால் குட்டியைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து மறைத்துவைத்திருந்தேன். சொன்னேன். மருத்துவரிடம் நானே போகிறேன் என்றும் சொன்னேன். பத்தாம் தேதியைப் பற்றிக் கேட்டேன். தன் அம்மாவிடம் பேசுகிறேன் என்றார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்குக் காரணம், நான் சொல்லிவிட்டேன் என்று உனக்குத் தெரியவேண்டும். நாலு கடிதத்துக்கு வேண்டிய விசிறிக் கணக்கு உனக்கு எழுத வருகிறது. ஒரு வெள்ளைப் பிளக்கைப் பற்றி ஒரு வரி வரவில்லை. வேலை நெருக்கடியாம். யாரிடம் சொல்கிறாய்?

தங்கை


மார்ச் 5

முள்ளு,

நான் வைத்ததுதான்.

அரங்கத்துக்குப் போன அன்றைக்குக் காலை ஆறு மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். முந்தின நாள் எட்டுப் பெட்டியையும் முடித்துவிட்டு நீ வீட்டுக்குப் போகாமல் அந்த ஸ்பாஞ்ச் விரிப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றுமுன் பின்பலகையை ஒருதரம் திறந்து பார்த்தேன். நாலாம் நம்பரில் பிளக் லொடலொடவென்று ஆடியது. கறுப்பு தீர்ந்துவிட்டிருந்தது. வெள்ளை இருந்தது. அதில் ஊசிகள் வரிசை மாறி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாற்றினால் மறுபடி முள் பார்க்கவேண்டும். அது என் விதிதான். "முள்ளு" என்று கூப்பிட்டேன். நீ "ம்" என்றாய். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டே மறுபக்கம் புரண்டாய். பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். பலகையை மூடினேன். உன் டேப் உள்ளே இருந்தது, சரி என்று உன் கையெழுத்தோடு.

அரங்கத்தில் புகை வந்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததனால்தான் உன்னைச் சொன்னேன். தெரியாமல் இருந்திருந்தால் ஒருவேளை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அன்று மாலை திறந்து பார்த்தேன். மூடினேன். உன் வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறேன். முதல் தடவை மாடியில் உன் வீட்டு விளக்கு எரியவில்லை. இரண்டாம் தடவை எரிந்தது, எரிந்ததனால் திரும்பினேன். குட்டி பிறந்தபோது அம்மா கூப்பிட்டாள். ஊரில் இல்லை என்றேன். பட்டறையில்தான் இருந்தேன், பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு.

நீ பெட்டி கேட்டபோது ஏழு நல்ல பெட்டி இருந்தது. நாலாம் நம்பரை அனுப்பினேன். எனக்குச் சொல்ல வரவில்லை, கோள்சொல்லி சொல்லட்டும் என்று.

சர்வோவில் திருத்தம் நேரம் தப்பி வந்தால் அது திருத்தம் இல்லை, இன்னொரு தள்ளு என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஏழு மாதம் தப்பிவிட்டது. அதனால் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவில்லை.

புட்டியை நீ எப்போதும் சரியாகத்தான் கழுவியிருப்பாய். நீ செய்த எட்டுப் பெட்டியில் ஒரு கம்பிகூடத் தப்பில்லை. நேற்று மீதி ஏழையும் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

நேற்று மாமியார் வந்தார். பெரிய பையில் தொட்டில் துணி, கொசுவலை எல்லாம் கொண்டு வந்திருந்தார், எடுத்துக்கொண்டு போவதற்குத் தயாராக. என் வீட்டுக்காரர் வாசலிலேயே அந்தப் பையை வாங்கிக்கொண்டு, "அம்மா, குழந்தை எங்கயும் வரல. நீங்க இங்க ஒரு மாசம் இருங்க. இவ தூங்கட்டும், நீங்க பாத்துக்கங்க" என்றார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் குட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். இப்போது கூடத்துக்கு நகர்த்தியிருக்கும் அந்தப் பெரிய பெட்டியைச் சுற்றி வந்து, "இதுல துணி வைக்கலாமா?" என்று கேட்டார். வைக்கக்கூடாது என்றேன். முதல் தகராறு அதுதான், சின்னது.

விசிறியின் ஓர் இறக்கையில் எடைத்துண்டு கழன்று விழுந்திருக்கிறது. மேற்பார்வையாளர் மாற்றிவிட்டார். இப்போது ஓடும்போதும் கோடு அசையவில்லை. ஆனாலும் குட்டி விழிக்கிறாள், எல்லாக் குழந்தைகளும் விழிக்கிற மாதிரி. அந்த மூன்றுக்காக நான் மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த முறை அவர் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். என்னை இருபது நிமிடம் பார்த்ததில் எனக்கு இப்போது கோபம் இல்லை.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை கிழித்துப்போடலாம் என்றிருந்தது. நீ அன்று சொன்ன வார்த்தை இருபது பேர் காதில் விழுந்தது, நீ எழுதிய கடிதத்தைப் படித்தது நான் ஒருத்தி. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை, நேராகிவிட்டது என்று எழுதமாட்டேன். அரங்கக்காரரிடம் நீயே போய்ச் சொல்லவேண்டும். என் பெயரைச் சொல்லிச் சொல்லவேண்டும்.

ஆனால் ஒன்று. நேரம் தப்பிய திருத்தம் என்று எழுதியிருக்கிறாய். சின்ன ஸ்பீக்கரில் சர்வோ வேண்டாம், கீழ்ச்சுதி போடுகிற சப்வூஃபரில் மட்டும் வைப்போம் என்று நாம் ஏன் முடிவு செய்தோம்? வேகமான சத்தத்தில் கொஞ்சம் தாமதமானாலும் கெட்டுவிடும், கீழ்ச்சுதியில் கோன் மெதுவாக அசைகிறது, தாமதம் தாங்கும் என்று கரும்பலகையில் எழுதிக்காட்டியவள் நீ. நானும் நீயும் எந்தக் காலத்தில் வேகமாக அசைந்திருக்கிறோம்.

பெரிய காயில் ஒன்று சுற்றி எடுத்துக்கொண்டு வா. கறுப்புப் பிளக்கும் வாங்கி வா. நாலாம் நம்பரை இங்கேயே சரி செய்வோம். நீ முன்னால் அமுக்கு, நான் பின்னால் பார்க்கிறேன். அவர் நன்றாகத்தான் அமுக்குகிறார், ஆனால் "போதுமா, போதுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பகல் இரண்டு மணி பஸ்ஸில் வந்தால் நாலரைக்கு வந்துவிடலாம். அந்நேரம் நானும் குட்டியும் தூங்கிக்கொண்டிருப்போம். மாமியார் கதவைத் திறப்பார். குட்டியை எழுப்பாதே.

என்னை எழுப்பு.

முள்ளு